யாரும் தொடாத ஊறுகாய் டிப்

ஸ்டாவிக், மினசோட்டா
ஏப்ரல் 10, 1972

அன்புள்ள கொரீன்,

உங்கள் வீட்டு ஆரஞ்சு மரத்தின் படம் வந்து சேர்ந்தது. இங்கே கராஜுக்குப் பின்னால் இன்னும் அழுக்குப் பனி குவிந்து கிடக்கிறது. படத்தைப் பார்த்துவிட்டு உங்கள் தம்பி ஆர்லன், "அக்கா சொகுசா இருக்கா" என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத்தான், நீங்கள் இங்கே இல்லையே என்று கொஞ்சம் கோபம் வந்தது. நீங்கள் இருந்திருந்தால் இதையெல்லாம் சமையலறை மேசையில் உட்கார்ந்து சொல்லி முடித்திருப்பேன்.

போனில் சொல்ல முடியாது. எங்கள் போன் லைனையே இன்னும் ஆறு வீடு பகிர்ந்துகொள்கிறது. நான் ரிசீவரை எடுத்தால் வெர்னிஸ் வீட்டு ரேடியோ எனக்குக் கேட்கும்; நான் பேசுவது வெர்னிஸுக்குக் கேட்கும். இது வெர்னிஸ் கேட்கக் கூடாத விஷயம்.

பிப்ரவரியில் ஹால்வர் ருஸ்டாட் இறந்தது உங்களுக்குத் தெரியும். அடக்கம் முடிந்து சர்ச்சின் கீழ்த்தளத்தில் சாப்பாடு. நான் எப்போதும் போல, சிப்ஸில் தொட்டுக்கொள்ள, கிரீமில் கலந்த வெள்ளரி ஊறுகாய் டிப் கொண்டுபோனேன், என் நிலவறையில் இருந்த ஜாடியைத் திறந்து செய்ததுதான். மறுநாள் பாதிச் சபைக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. போதகருக்கு, வெர்னிஸுக்கு, சவப்பெட்டி தூக்கியவர்களுக்கு, எல்லாருக்கும் மேலாக ஹால்வரின் மனைவி சிக்னிக்கு. கணவரைப் புதைத்த மறுநாள் அவர் குளியலறைத் தரையில் கிடந்தாராம். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்று முழுக்க நான் உள்ளே தொட்டியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன், என் டிப்பைச் சாப்பிடவும் இல்லை. செய்தவளுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை என்றால் ஊர் என்ன நினைக்கும்?

யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நம் ஊரில் சொல்ல மாட்டார்கள். ஆனால் தவக்காலப் புதன்கிழமைச் சாப்பாடுகளில் என் கிண்ணம் போனபடியே திரும்பி வந்தது. "இன்னிக்கு என்னமோ வயிறு நிறைஞ்சுபோச்சு மார்லிஸ்" என்கிறார்கள், அடுத்த தட்டிலிருந்து இரண்டாம் முறை எடுத்துப் போட்டுக்கொண்டே.

ஜூன் மூன்றாம் தேதி ஜோலீனின் பள்ளி முடிப்பு விருந்து. கராஜைக் கழுவி மேசை போட்டு ஊரையே கூப்பிட்டிருக்கிறோம். வருவார்களா? வந்தாலும் என் கையால் செய்ததைத் தொடுவார்களா? யாரும் தொடாத தட்டுகளுக்கு நடுவே பிள்ளை நிற்பாளோ? டிப்பைச் செய்யாமல் விட்டுவிடலாம். ஆனால் அப்படி விட்டால், நான்தான் என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடாதா?

இதை ஆர்லனிடம்கூடச் சொல்லவில்லை. ஜாடியைத் திறக்கும் முன் மூடியின் நடுவை விரலால் அழுத்திப் பார்ப்பேன். அமுங்கினால் உள்ளே காற்று போயிருக்கிறது என்று கொட்டிவிடுவேன். நீங்கள் சொல்லிக் கொடுத்ததுதான். அன்று அழுத்திப் பார்த்தேனா இல்லையா என்று எனக்கு நினைவே இல்லை கொரீன். எத்தனை தரம் யோசித்தாலும் என் விரல் அந்த மூடியின் மேல் போய் நிற்கிறது, அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

உண்மையைச் சொல்லுங்கள். அவ்வளவு பேரையும் படுக்கவைத்தது நானா?

மார்லிஸ்


மேசா, அரிசோனா
ஏப்ரல் 17, 1972

அன்புள்ள மார்லிஸ்,

முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் குடி. குடித்தாயா? இனிப் படி.

நான் பள்ளியில் சமையல் வகுப்பு எடுத்த காலத்தில் டோர்த்தியா என்று ஒரு பெண் இருந்தாள். அவள் கேக் ஒருநாள் அமுங்கிப்போனது. வேகும்போது அடுப்பைத் திறந்தது யார் என்று வகுப்பே அவளைப் பார்த்தது. அவளும் அழுதுகொண்டே, "நான்தான் திறந்திருப்பேன் டீச்சர்" என்றாள். பார்த்தால் அவள் பேக்கிங் பவுடரே போடவில்லை. எல்லாரும் பார்த்த பக்கம் அவளும் பார்த்தாள், அவ்வளவுதான்.

உன் மூடிக்கு வருவோம். வினிகர் சரியாக ஊற்றிய வெள்ளரியில், கெட்டுப்போன ஜாடிகளில் வருகிற அந்தக் கொடிய விஷம் வளராது. அப்படியே வந்தாலும் அது முதலில் பிடிப்பது கண்ணையும் நாக்கையும். பார்வை இரட்டையாகும், விழுங்க முடியாது. உங்கள் ஊரில் அப்படி யாருக்கும் ஆகவில்லையே. ஆகையால் மூடியை விடு. நான் பொய் சொல்லி உன்னைத் தேற்றமாட்டேன்: சந்தேகப்பட வேண்டியது கிரீமைத்தான். அந்தக் கீழ்த்தளத்து மேசை வெப்பக் குழாயை ஒட்டியே இருக்கும். அந்தச் சூட்டில் உன் கிண்ணம் எத்தனை நேரம் நின்றது, எனக்குத் தெரியாது.

ஒரு வழி இருக்கிறது. டிப்பைத் தொடாமலே நோயில் விழுந்த ஒரே ஒரு ஆளைக் கண்டுபிடி. அப்போது காரணம் நீ இல்லை. யாரிடமாவது வாய்விட்டுக் கேள்.

இனி டிப். நீ எப்போதும் கண்ணளவில் செய்கிறாய். இந்த முறை நான் சொல்கிறபடி செய். கிரீம் சீஸ் ஒரு கட்டியை மட்டும் வெளியே வைத்து இளகவிடு. இளகாததை அடித்தால் முடிச்சு முடிச்சாக நிற்கும், வெர்னிஸ் பின்னுகிற ஸ்வெட்டர் மாதிரி. அதோடு அரைக் கோப்பை புளித்த கிரீம். ஊறுகாயைப் பொடியாக நறுக்கி, துணியில் கட்டி, துணி துவைத்துப் பிழிகிற மாதிரி பிழி. உன் டிப் நீர்த்துப்போவது இதனால்தான். பல வருஷமாகச் சொல்ல நினைத்தேன். பிழிந்த சாற்றில் ஒரு கரண்டி மட்டும் திரும்பச் சேர். கொஞ்சம் வெங்காயம், கை நிறையச் சதகுப்பைத் தழை. உலர்ந்த மாட்டிறைச்சி போடுவதானால் வெந்நீரில் அலசிப் போடு, இல்லையென்றால் உப்புக் கரிக்கும். மூடி, ஓர் இரவு ஃப்ரிட்ஜில். பரிமாறும்போது பெரிய கிண்ணத்தில் ஐஸ் நிரப்பி, அதற்குள் இந்தக் கிண்ணத்தை வை. எல்லாரும் பார்க்கும்படி வை.

சொகுசு என்றானா ஆர்லன்? என்னவர் வென்டலுக்கு இந்த வறண்ட காற்றில்தான் மூச்சு விட முடிகிறது. அந்தச் சொகுசுக்குத்தான் வந்தோம். மரத்தைப் படம் எடுத்து அனுப்பினேன், ஏனென்றால் வேறு எதைப் படம் எடுத்தாலும் நீங்கள் கவலைப்படுவீர்கள்.

அன்புடன்
கொரீன்


ஸ்டாவிக்
ஏப்ரல் 26, 1972

அன்புள்ள கொரீன்,

மரத்தைப் பற்றி எழுதியதற்கு மன்னியுங்கள். ஆர்லன் உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு மாட்டுக் கொட்டகைக்குப் போய் நெடுநேரம் வரவில்லை.

கேள் என்று சுலபமாக எழுதிவிட்டீர்கள். யாரிடம், என்னவென்று கேட்பேன்? "என் டிப்பைச் சாப்பிட்டதாலயா வாந்தி எடுத்தீங்க?" என்றா? அவர்கள் "சேச்சே" என்பார்கள். இந்த ஊரில் வீடே தீப்பிடித்து எரிந்தாலும் "சேச்சே, கொஞ்சம் சூடுதான்" என்பார்கள்.

மளிகைக் கடையில் வெர்னிஸைப் பார்த்தேன். தைரியத்தை வரவழைத்துக்கொண்டு ஆரம்பித்தேன்.

"பிப்ரவரியில உனக்கு ரொம்ப முடியாமப்போச்சுல்ல?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல மார்லிஸ். போயிருச்சு."

"எதனாலன்னு..."

"யாருக்குத் தெரியும். ஆமா, ஜோலீன் விருந்துக்கு நானே ரெண்டு தட்டு கொண்டுவரட்டா? உனக்குச் சமையல் வேலை குறையும்."

என் சமையல் வேலை குறைய வேண்டுமாம். வாங்க வந்ததை வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இன்னொன்று. நீங்கள் சொன்ன அந்த ஒரே ஆள் சிக்னியாக இருக்க முடியாது. அடக்கத்துக்கு அடுத்த ஞாயிறு, சர்ச் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் டிப் மாதிரி வரவே வராது, ரெண்டு தடவை போட்டுக்கிட்டேன்" என்றார். முகம் வெளுத்திருந்தது. இரண்டு தடவை. எல்லாரிலும் அதிகமாக அவதிப்பட்டதும் அவர்தான். கணக்கு சரியாகத்தானே வருகிறது?

டிப்பை நீங்கள் சொன்னபடி செய்து பார்த்தேன். முதல் தடவை முடிச்சு. இரண்டாம் தடவை துணியில் சோப்பு வாசம் இருந்திருக்கிறது. மூன்றாவது நன்றாக வந்தது, ஆனால் அதை யார் சொல்வது? ஆர்லனிடம் கேட்டால், "நல்லாத்தான் இருக்கு" என்கிறார். அவர் மாட்டுத் தீவனத்தையும் அப்படித்தான் சொல்வார். நாய்க்கு வைத்தேன், முகர்ந்துவிட்டுப் போய்விட்டது. நாய்க்கு வினிகர் பிடிக்காது என்று தெரியும். தெரிந்தும் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மே மாதம் சர்ச்சில் அம்மா-மகள் விருந்து இருக்கிறது. அதற்குக் கொண்டுபோய்ப் பார்க்கிறேன். அங்கேயும் தொடவில்லை என்றால் எனக்குப் பதில் தெரிந்துவிடும்.

மார்லிஸ்


மேசா
மே 3, 1972

அன்புள்ள மார்லிஸ்,

கொண்டுபோ. ஐஸ் மறக்காதே. ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே: எல்லாருக்கும் முன்னால் நீயே முதலில் எடுத்துச் சாப்பிடு. தான் கொண்டுவந்ததைத் தானே எடுக்கக் கூடாது, கடைசியில்தான் சாப்பிட வேண்டும் என்று உன்னை வளர்த்திருக்கிறார்கள், என்னையும்தான். ஆனால் பயந்த பிள்ளைகள் நிற்கும்போது வாத்தியார்தானே முதலில் தண்ணீரில் இறங்க வேண்டும்?

வெர்னிஸ் மேல் கோபப்படாதே. அவள் என் வகுப்பில் படித்தவள். கத்தியைக் கொடுத்தாலும் கூர்ப் பக்கத்தைத் தன் பக்கம் வைத்துத்தான் கொடுப்பாள். அவள் உனக்கு உதவுவதாகவே நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

வென்டல் உறங்குகிறார். நான் தபால்காரருக்காகக் காத்திருக்கிறேன். நடந்ததை உடனே எழுது.

கொரீன்


ஸ்டாவிக்
மே 13, 1972

கொரீன்,

கிண்ணம் காலியாகத் திரும்பி வந்தது. கழுவித் துடைத்து, அடியில் என் பெயர் எழுதி ஒட்டிய டேப்கூட உரியாமல்.

ஜோலீன் குதித்தாள். "பாத்தியாம்மா! வழிச்சுச் சாப்பிட்டிருக்காங்க!" பிள்ளைக்கு என்ன தெரியும். நீங்கள் யோசித்துப் பாருங்கள். இந்த ஊரில் எந்தத் தட்டாவது காலியாகத் திரும்பி நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? வெர்னிஸின் எலுமிச்சைக் கேக்குக்கு அடிதடியே நடக்கும். ஆனாலும் கடைசித் துண்டைப் பாதியாக வெட்டுவார்கள், பாதியில் பாதியாக வெட்டுவார்கள், விரல் நகமளவு ஒன்று தட்டிலேயே இருக்கும். அதை எடுக்கிற கை இங்கே கிடையாது. சாப்பிட்ட கிண்ணத்தில் மிச்சம் இருக்கும். என்னுடையதில் மிச்சமே இல்லை. என்றால், யாரோ என் மனம் நோகக் கூடாதென்று அப்படியே குப்பையில் கொட்டிவிட்டு, கிண்ணத்தைக் கழுவி வைத்திருக்கிறார்கள்.

நீங்கள் சொன்னபடி முதலில் நான் எடுத்தேன். வாயில் வைத்தேன், நன்றாக இருந்தது. சத்தியமாக நன்றாக இருந்தது கொரீன். பின்னால் நின்றவர்கள் "ஐஸ் அழகா இருக்கு" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். அதற்கு மேல் பார்க்க முடியாமல் போய் மூலையில் உட்கார்ந்துவிட்டேன்.

விருந்து வேண்டாம் என்று ஜோலீனிடம் சொல்லிவிட்டேன். அவள் காரணம் கேட்டாள், நான் சொல்லவில்லை. இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை.

மார்லிஸ்


மேசா
மே 19, 1972

மார்லிஸ்,

உன் கடிதத்தை வென்டலுக்குப் படித்துக் காட்டினேன். பேசினால் இருமல் வரும் என்று பேசாமலே இருப்பவர். "அவகிட்ட சொல்லு, முட்டாள்தனம்னு" என்றார். அதற்காக நெடுநேரம் இருமினார். ஆகவே அந்தச் சொல்லை மதித்துக் கேட்டுக்கொள்.

கிண்ணம் காலி, அது மட்டும்தான் உனக்குத் தெரியும். கொட்டினார்கள் என்பது நீ சேர்த்தது. என் வகுப்பில் விடைத்தாளில் இப்படி எழுதியிருந்தால் சிவப்பு மையில் கோடு போட்டிருப்பேன். கிண்ணம் தானாகக் காலியாகாது. காலி செய்த கை ஒன்று இருக்கிறது. அன்று பாத்திரம் கழுவும் முறை யாருடையது? சமையலறைக் கதவிலேயே எழுதி ஒட்டியிருப்பார்களே. போய்ப் பார். அந்த ஆளின் வீட்டுக் கதவைத் தட்டு. பதில் கசந்தாலும் அது உண்மையான பதிலாக இருக்கும். நீ இப்போது விழுங்கிக்கொண்டிருப்பது நீயே சமைத்தது.

விருந்து வேண்டாம் என்று பிள்ளையிடம் சொன்னதைத் திரும்பப் பெறு. அவள் பள்ளி முடித்ததற்கும் உன் ஊறுகாய்க்கும் என்ன சம்பந்தம்?

கடுமையாக எழுதிவிட்டேன். பக்கத்தில் இருந்தால் இதையே மெதுவாகச் சொல்லியிருப்பேன். தூரத்திலிருந்து மெதுவாகச் சொன்னால் உனக்குக் கேட்பதில்லை.

கொரீன்


ஸ்டாவிக்
மே 25, 1972

அன்புள்ள கொரீன்,

கழுவும் முறை சிக்னியுடையது.

கதவில் இருந்த பட்டியலை இரண்டு தரம் படித்தேன். வேறு யாராக இருந்தாலும் போயிருப்பேன். அவரிடமா? காரை அவர் வீட்டு வாசல்வரை ஓட்டிப் போய், நிறுத்தாமல் கடந்து, பால் பண்ணை வளைவில் திருப்பிக்கொண்டு வந்து, மறுபடி கடந்தேன். மூன்றாம் முறை அவரே வாசலில் வந்து நின்றார்.

"மார்லிஸ், வழி தெரியலயா, இல்ல பெட்ரோல் மிச்சமா இருக்கா?"

உள்ளே போனேன். காப்பி ஊற்றினார். ஹால்வரின் தொப்பி இன்னும் ஆணியில் தொங்குகிறது. நான் கோப்பையைத் தொடாமலே கேட்டுவிட்டேன்.

"சிக்னி, அன்னிக்கு என் டிப்பைக் கொட்டினது நீங்களா?"

அவர் முகம் கழுத்துவரை சிவந்துபோனது. எழுந்து ஜன்னலருகே போய்விட்டார்.

"உனக்கு யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. கிண்ணம் காலியா வந்துச்சு."

"கொட்டல" என்றார். "வீட்டுக்கு எடுத்துட்டு வந்துட்டேன். பாதிக்கு மேல அப்படியே இருந்துச்சு. ஒரு டப்பாவுல வழிச்சுப் போட்டு, கோட்டுக்குள்ள மறைச்சு... அசிங்கமாத்தான் இருக்கு. எனக்கு மட்டும்னு அடுப்புப் பத்தவைக்க மனசு வரமாட்டேங்குது மார்லிஸ். ரொட்டியில தடவித் தடவி அதையேதான் சாப்பிட்டேன்."

எனக்குப் புரியவில்லை. "உங்களுக்குப் பயமா இல்லையா? அன்னிக்கு அவ்வளவு முடியாமக் கிடந்தீங்களே. ரெண்டு தடவை போட்டுக்கிட்டேன்னு சொன்னீங்களே."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு விஷயம் மெல்ல விளங்கியது. துக்க வீட்டில் போய் யார் இந்தப் பேச்சைப் பேசியிருப்பார்கள்? ஊர் என்னைப் பற்றி நினைப்பது அவருக்கு மட்டும் தெரியாது.

"மார்லிஸ், அன்னிக்கு நான் ஒண்ணுமே சாப்பிடல. ஒரு பருக்கைகூட. எப்படிச் சாப்பிடறது? நீங்க எல்லாரும் விடிய விடியச் சமைச்சுக் கொண்டாந்திருந்தீங்க. தொடலன்னு எப்படிச் சொல்றது? அதான் வாசல்ல நின்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் நல்லாயிருந்துச்சுன்னு சொன்னேன்."

"வாந்தி எடுத்தீங்களே?"

"எடுத்தேன். வெறும் வயித்தோட."

நான் அழுதேன் கொரீன். அவர் ரொட்டி வெட்டுகிற பலகையைத் துடைத்துக்கொண்டே இருந்தார், நான் முடிக்கும் வரை.

நீங்கள் சொன்ன அந்த ஒரே ஆள் கிடைத்துவிட்டார். நான் இல்லை. எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும், சிக்னிக்குத் தெரியும். ஆனால் ஊருக்கு? இதை வெளியே சொன்னால், சிக்னி அத்தனை பெண்களிடமும் பொய் சொன்னார் என்று ஆகும். அவர்களுடைய சாப்பாட்டைத் தொடவே இல்லை என்று ஆகும். கணவரை இழந்தவரை என் டிப்புக்காக அப்படி நிறுத்த முடியுமா? அவர் கேட்டார், "நான் என்ன செய்யணும்?" என்று. "ஒண்ணும் வேணாம்" என்று சொல்லிவிட்டு வந்தேன். சரியாகச் சொன்னேனா?

விருந்து உண்டு. ஜோலீன் கராஜில் தோரணம் கட்டிக்கொண்டிருக்கிறாள். டிப்பும் உண்டு. ஐஸுக்கு இப்போதே சொல்லி வைத்துவிட்டேன்.

மார்லிஸ்


மேசா
மே 30, 1972

அன்புள்ள மார்லிஸ்,

இரண்டு தடவை எழுத உட்கார்ந்து கிழித்துப் போட்டேன். எதற்கும் ஓர் உதாரணம் வைத்திருப்பவள் நான். இதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. நீ சொன்னது சரி என்றுதான் தோன்றுகிறது. உன் விருந்தை நினைத்தால் தவறு என்றும் தோன்றுகிறது. சிக்னி தன் முடிவைத் தானே எடுக்கக்கூடியவர், அதை மட்டும் மறந்துவிடாதே.

வர முடியவில்லை. வென்டலை விட்டுவிட்டு வர முடியாது. சனிக்கிழமை முழுக்க உங்கள் கராஜில்தான் இருப்பேன், மனத்தால்.

கொரீன்


ஸ்டாவிக்
ஜூன் 5, 1972

அன்புள்ள கொரீன்,

வந்தார்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் மூச்சு விட்டுக்கொள்ளுங்கள்.

வந்து, ஜோலீனுக்கு வாழ்த்து அட்டை கொடுத்து, மழை வருமா என்று பேசி, வரிசையில் நின்றார்கள். ஹாம் சாண்ட்விச் போனது. அது கடையில் வாங்கிய ஹாம். வெர்னிஸ் கொண்டுவந்த இரண்டு தட்டும் போனது. டிப் ஐஸுக்கு நடுவே, குழிகூட விழாமல், நான் கரண்டியால் போட்ட சுழி அப்படியே இருந்தது. சிப்ஸ் அருகிலேயே இருந்தது. கைகள் சிப்ஸை எடுத்தன, கிண்ணத்தைச் சுற்றிப் போயின. ஜோலீன் அதைப் பார்த்துவிட்டாள். அவள் கண்ணில் ஒரு கேள்வி வந்தது. நான் இத்தனை நாள் பயந்தது அதற்குத்தான்.

அப்போது சிக்னி வரிசையில் வந்தார். தட்டில் டிப்பை மட்டும் அள்ளி வைத்தார், மலை மாதிரி. முன்னால் நின்ற வெர்னிஸிடம் சொன்னார், மெதுவாகக்கூட இல்லை:

"வெர்னிஸ், ஹால்வர் அடக்கத்தன்னிக்கு நான் என்ன சாப்பிட்டேன் தெரியுமா?"

"என் ஹாட்டிஷைத்தான், கறியும் உருளைக்கிழங்கும் போட்டு வேகவச்சது. அருமைன்னு கையப் பிடிச்சுச் சொன்னீங்களே."

"தொடல."

"என்ன?"

"உன்னோடதைத் தொடல. மார்லிஸோடதையும் தொடல. யாரோடதையும் தொடல. பொய் சொன்னேன். ஒண்ணுமே சாப்பிடாமத்தான் ரெண்டு நாள் குளியலறையில கிடந்தேன்."

வெர்னிஸின் முகத்தில் கணக்கு ஓடுவது தெரிந்தது. முதலில் ஹாட்டிஷ், பிறகு வாந்தி, பிறகு நான்.

"ஹாட்டிஷ் நல்லாத்தான் இருந்திருக்கும்" என்றார் சிக்னி.

போதகர் தொண்டையைச் செருமினார். "அன்னிக்கு நாங்க எல்லாரும் உங்க கையைக் குலுக்கினோம், சிக்னி. வரிசையா. அதுக்கு முந்தின நாள் எனக்குக் கொஞ்சம் குளிரா இருந்துச்சு, சும்மா ஜலதோஷம்னு..." அன்று பாத்திரத் தொட்டியில் நின்ற நான் மட்டும்தான் யார் கையையும் குலுக்கவில்லை. ஆளாளுக்குத் தங்கள் கையைப் பார்த்துக்கொண்டார்கள். வெர்னிஸின் கணவர்தான் முதலில் சிரித்தார். "அப்போ இத்தனை நாளா இந்த டிப்பை விட்டுட்டு உன் பீன்ஸ் சாலட்டைத் தின்னேனா?" என்றார் வெர்னிஸிடம்.

பிறகு கிண்ணத்துக்கு நான் அருகில் போகவே முடியவில்லை. வெர்னிஸும் எடுத்தாள். சாப்பிட்டுவிட்டு என்னிடம் வந்து, "தண்ணியா இல்லாம இருக்கு இந்தத் தடவ" என்றாள். அது மன்னிப்பு. சிக்னியோடு அவள் பேசவில்லை. பேசக் கொஞ்ச காலம் ஆகும். வேறு சில பெண்களும் அவரிடம் சொல்லிக்கொள்ளாமல் போனார்கள். சிக்னி அதைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே ஜோலீனுக்கு மேசை துடைக்க உதவினார்.

எல்லாரும் போன பிறகு, ஜோலீன் தோழிகளோடு கிளம்பியதும், ஆர்லன் பால் கறக்கப் போனதும், சிக்னி சமையலறைக்குள் வந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீ இன்னிக்கு என்ன சாப்பிட்ட?"

எல்லாவற்றையும் ருசி பார்த்தேன், வயிறு நிறைந்துவிட்டது என்று சொல்ல வாய்வரை வந்தது கொரீன். அப்படித்தானே சொல்வோம்.

"ஒண்ணும் சாப்பிடல" என்றேன். "காலையிலேர்ந்து."

"தெரியும்" என்றார். "உக்காரு."

முட்டை எங்கே இருக்கிறது என்று கேட்கவில்லை. ஃப்ரிட்ஜைத் திறந்தார், வாணலியைத் தேடி எடுத்தார், என் அடுப்பைப் பற்றவைத்து இரண்டு பேருக்குப் பொரித்தார்.

உங்கள்
மார்லிஸ்